வீவோ கார்டு வாங்கினேன்: போன் இல்லை, கிராபிக்ஸ் கார்டு

கோத்தகிரி பஜாரில் ஜெராக்ஸ், டிடிபி, கம்ப்யூட்டர் ரிப்பேர் என்று எல்லாம் கலந்த கடை வைத்திருக்கிறேன். மாதத்துக்கு இரண்டு பேராவது வந்து இதைக் கேட்டுவிடுகிறார்கள்: "தம்பி, கம்ப்யூட்டர் பின்னாடி எச்டிஎம்ஐ ஓட்டை இருக்கே, டிஷ் பாக்ஸை அதுல செருகினா மானிட்டர்ல டிவி பாக்கலாமா?"

முடியாது. மே மாத சீசனில் போலீஸ்காரர்கள் குன்னூர் வழியாக ஏறு, கோத்தகிரி வழியாக இறங்கு என்று ரோட்டை ஒருவழி ஆக்குவார்களே, கம்ப்யூட்டருக்குள் இருந்து மானிட்டருக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டின் எச்டிஎம்ஐயும் அந்த மாதிரிதான். வருஷம் முழுக்க சீசன். படம் கார்டிலிருந்து இறங்கி வெளியே போகும், வெளியிலிருந்து ஒரு வண்டி கூட ஏறி உள்ளே வராது. ஒயர் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் எல்லோருக்கும் அந்தச் சந்தேகம் வருகிறது, அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

ஆனால் ஒரு காலத்தில் படத்தை உள்ளேயும் வாங்கி வெளியேயும் விடும் கார்டுகள் இருந்தன. வீடியோ இன் வீடியோ அவுட், சுருக்கமாக வீவோ. அதில் ஒன்றைத்தான் போன மாதம் கோயம்புத்தூரில் பழைய சாமான் கடையில் 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். இது அந்தக் கார்டைப் பற்றிய விமர்சனம். நடுவில் இன்றைய கார்டுகளைப் பற்றியும் கொஞ்சம் புலம்புவேன்.

ஏன் வாங்கினேன் என்றால், அம்மா அப்பா கல்யாண கேசட். 1994. அதோடு சித்தப்பா கல்யாணம், அத்தை வீட்டு வளைகாப்பு, ஊர்த் திருவிழா என்று மொத்தம் பதினோரு விஎச்எஸ் கேசட்டுகள் பரணில் கிடந்தன. கோத்தகிரியில் கேசட்டை முப்பது வருஷம் பரணில் வைத்தால் என்ன ஆகும் என்று மலையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தொட்டபெட்டா மறைப்பதால் தென்மேற்கு மழை நம் பக்கம் கொஞ்சம் குறைவு, ஆனால் அக்டோபரில் வடகிழக்குப் பருவம் பிடித்தால் டிசம்பர் வரை துணியே காயாது, பிறகு கேசட் எங்கே காய்வது. கண்ணாடிச் சந்து வழியாகப் பார்த்தால் சுருளின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூசணம். பதினொன்றில் மூன்று அப்படி இருந்தன.

முதலில் எல்லோரும் வாங்குகிற அந்த யுஎஸ்பி குச்சியைத்தான் வாங்கினேன். ஒரு பக்கம் யுஎஸ்பி, மறுபக்கம் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஓட்டைகளும் ஒரு எஸ்-வீடியோ ஓட்டையும். இணையத்தில் 600, 700 ரூபாய்க்குக் கிடைக்கிறது. கம்பெனி பெயர் எதற்கு, உள்ளே எந்தச் சிப் இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது, ஒரே பிளாஸ்டிக் உறைக்குள் மூன்று நான்கு விதச் சிப்புகளில் ஏதாவது ஒன்று இருக்கும். எனக்கு வந்தது வேலை செய்தது என்று சொல்லலாம். படம் வந்தது. ஆனால் அம்மாவின் அரக்குக் கலர் கூரைப்புடவை ஆரஞ்சாகத் தெரிந்தது, ஜரிகை ஓரத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி புள்ளிகள் ஓடின, நாடா கொஞ்சம் ஆடுகிற இடம் வந்தால் மென்பொருள் அப்படியே உறைந்துவிடும். தாலி கட்டுகிற இடத்தில் உறைந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

அப்போதுதான் வீவோ ஞாபகம் வந்தது.

கோயம்புத்தூர் போய்க் கேட்டது தனிக்கதை. "வீவோ கார்டு இருக்குங்களாண்ணா" என்று கேட்டால் முதல் கடையில் எதிரே இருக்கும் செல்போன் கடையைக் காட்டினார்கள். இரண்டாவது கடையில், "மெமரி கார்டுங்களா?" மூன்றாவது கடைக்காரருக்கு வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும், அவர் மட்டும் "ஏனுங்க தம்பி, இப்ப யாரு அதையெல்லாம் கேக்கறாங்க" என்று சொல்லிக்கொண்டே ஒரு அட்டைப் பெட்டியைக் கீழே இறக்கினார். அதிலிருந்து ஒன்றை எடுத்து, "இதுல வீடியோ இன் இருக்குது, எடுத்துட்டுப் போங்க" என்றார். ரவுண்டாக ஓட்டை இருந்தது. நானும் எண்ணிப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டு மேட்டுப்பாளையம் வந்து மலை ஏறிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தால் அந்த ஓட்டைக்குள் ஏழு பின், அதாவது ஊசி நுழைகிற குட்டித் துளை ஏழு. ஏழு பின் வட்ட ஓட்டை என்றால் டிவிக்குப் படம் அனுப்புவதற்கு மட்டும், அவ்வளவுதான். உள்ளே வாங்குகிற வீவோவுக்குப் பெரும்பாலும் ஒன்பது பின் இருக்கும். இரண்டும் தூரத்திலிருந்து பார்க்க ஒன்று போலவே இருக்கின்றன, எஸ்-வீடியோவின் நான்கு பின் ஓட்டையும் அதே அளவு வட்டம்தான். ஆகவே வாங்குகிறவர்கள் தயவுசெய்து கடையிலேயே பின் ஓட்டைகளை எண்ணுங்கள். அதைவிட நல்ல அடையாளம் ஒன்று உண்டு: கார்டின் மேல், பெரிய சிப்பைத் தவிர, படத்தை வாங்குவதற்கென்று தனியாக ஒரு சதுரச் சிப் இருக்க வேண்டும். என்விடியா சிப் போட்ட கார்டுகளில் அது பெரும்பாலும் பிலிப்ஸ் கம்பெனியுடையது, எஸ்ஏஏ7114 மாதிரி ஒரு எண் அச்சடித்திருக்கும். என்விடியாவுக்குப் போட்டியாக இருந்த ஏடிஐ கம்பெனியின் கார்டுகளில் ரேஜ் தியேட்டர் என்று அவர்களே செய்த சிப். அந்தச் சிப் இல்லாமல் வட்ட ஓட்டை மட்டும் இருந்தால் வெளியே போகும் வழி மட்டும்தான்.

மறுபடி கீழே இறங்கினேன். குஞ்சப்பனை வரை மூடுபனி, அப்புறம் வெயில், பஸ்ஸில் ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் தகராறு ஏதும் செய்யாமல் மாற்றிக் கொடுத்தார், அதற்கு நன்றி. "எனக்கும் தெரியலைங்க தம்பி, ஓட்டையப் பாத்துதான் குடுத்தேன்" என்றார். அவரிடம் தப்பில்லை, ஆனால் பஸ் செலவும் ஒரு நாள் கடையை மூடியதும் என் கணக்கில்தான்.

இரண்டாவது கார்டு சரியானது. ஜிபோர்ஸ் 4 டிஐ 4200 சிப், 2002இல் வந்த வகை, ஏஜிபி ஸ்லாட், அதாவது மதர்போர்டில் கார்டைச் செருகும் பழைய வகைப் பள்ளம். கார்டைச் செய்த கம்பெனியின் பெயரை விட்டுவிடுகிறேன், இருபது வருஷம் கழித்து விசிறி கரகரக்கிறது என்று அவர்களைத் திட்டினால் நியாயமில்லை. பின்பக்கம் மூன்று ஓட்டைகள்: மானிட்டருக்கு ஒரு நீல விஜிஏ, ஒரு வெள்ளை டிவிஐ, நடுவில் ஒன்பது பின் வட்டம். அந்த வட்டத்தில் செருக ஒரு தடித்த கறுப்பு ஒயர், அதன் மறுமுனை ஆக்டோபஸ் மாதிரி நான்காகப் பிரியும்: மஞ்சள் உள்ளே, மஞ்சள் வெளியே, எஸ்-வீடியோ உள்ளே, எஸ்-வீடியோ வெளியே. இந்த ஒயர் இல்லாமல் கார்டு வெறும் தகரம். தனியாகக் கிடைப்பது குதிரைக் கொம்பு, கிடைத்தாலும் ஒரு கம்பெனி ஒயர் இன்னொரு கம்பெனி கார்டுக்குச் சேர்வதில்லை, பின் அடுக்கு மாறும். கார்டுக்கு 1,800 கொடுத்ததில் 1,000 ஒயருக்கு என்றுதான் நான் கணக்கு வைத்திருக்கிறேன்.

சரி, இதைப் போட என்ன தேவை? இங்கேதான் பாதிப் பேர் கழன்றுகொள்வார்கள். ஏஜிபி ஸ்லாட் 1997இல் இன்டெல் கொண்டுவந்தது, 2004இல் அதன் இடத்துக்குப் பிசிஐ எக்ஸ்பிரஸ் வந்ததும் மெல்லச் செத்தது. இன்றைய எந்தப் போர்டிலும் இந்தக் கார்டு உட்காராது, அடாப்டர் கிடாப்டர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆகவே பழைய பென்டியம் 4 பெட்டி வேண்டும். என் கடைப் பரணில் ஒன்று இருந்தது, எலி கூடு கட்டாமல் இருந்தது அதிர்ஷ்டம். அதில் விண்டோஸ் எக்ஸ்பி. எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலோடு கை கழுவிவிட்டது, அதனால் அந்தப் பெட்டியை இணையத்தில் சேர்க்கவே இல்லை. டிரைவர், அதாவது கார்டை ஓட வைக்கும் மென்பொருள், இரண்டு போட வேண்டும்: படம் காட்டுவதற்கு ஒன்று, உள்ளே வாங்குவதற்கு டபிள்யூடிஎம் என்ற தனி ஒன்று. முதலாவதை மட்டும் போட்டுவிட்டு, படம் வரவில்லையே என்று ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தவன் நான்தான்.

அப்புறம் பால். குடிக்கிற பால் இல்லை, டிவி முறை. நம் ஊர் டிவி, டெக் (கேசட்டைப் போட்டு ஓட்டும் பெட்டி), கேசட் எல்லாம் பால்: 625 கோடு, அதில் கண்ணுக்குத் தெரிவது 576, நொடிக்கு 25 படம். மென்பொருள் தானாக அமெரிக்க என்டிஎஸ்சி முறையில் திறந்துகொண்டால் படம் கறுப்பு வெள்ளையாக உருளும், கார்டு கெட்டுப்போச்சு என்று நினைத்துவிடக் கூடாது, அமைப்பில் போய் பால் பி என்று மாற்றினால் வண்ணம் வந்துவிடும். வந்தது. அம்மாவின் புடவை அரக்கு நிறத்திலேயே வந்தது.

படத்தின் தரத்தைச் சொல்கிறேன், இதற்காகத்தானே இவ்வளவும். விஎச்எஸ் நாடாவிலேயே குறுக்காக 240 கோடு அளவுதான் விவரம் இருக்கும். என்ன கார்டு போட்டாலும் அதற்கு மேல் தோண்டி எடுக்க முடியாது. யாராவது உங்கள் கல்யாண கேசட்டை 4கே ஆக்கித் தருகிறேன் என்றால் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுங்கள். ஆனால் இருக்கிற விவரத்தைக் கெடுக்காமல் எடுப்பதில் வித்தியாசம் இருக்கிறது. மஞ்சள் ஒயரில் வெளிச்சமும் வண்ணமும் ஒன்றாகக் கலந்து வரும், இரண்டையும் பிரிப்பது அந்தச் சதுரச் சிப்பின் வேலை. பிலிப்ஸ் சிப்பில் அதற்கென்று நல்ல வடிகட்டி இருக்கிறது. குச்சியில் எறும்பு ஓடிய ஜரிகை ஓரம் இதில் அமைதியாக இருந்தது. நாடா ஆடுகிற இடத்தில் படம் மேலே கொஞ்சம் வளைந்தது, ஆனால் உறையவில்லை. ஒரே பத்து நிமிடத்தை இரண்டிலும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டி, எது எது என்று சொல்லாமல் சித்தப்பாவிடம் காட்டினேன். கண்ணாடி போடாமலே கார்டு எடுத்ததைக் கை காட்டினார்.

நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். எஸ்-வீடியோ ஓட்டை இருக்கிறதே, அதில் வெளிச்சமும் வண்ணமும் தனித்தனி ஒயரில் வருமே என்று நானும் ஆசைப்பட்டேன். ஆனால் நம் வீடுகளில் இருந்த சாதாரண டெக்குகளில் எஸ்-வீடியோ வெளியே வரும் ஓட்டையே கிடையாது, எஸ்-விஎச்எஸ் டெக்கில்தான் உண்டு. ஹை8 கேம்கார்டர் வைத்திருப்பவர்களுக்கு அது உதவும். மினிடிவி (MiniDV, டிஜிட்டல் வீடியோ) கேசட் வைத்திருந்தால் இந்தக் கார்டின் பக்கமே போகாதீர்கள், அது ஏற்கனவே டிஜிட்டல், ஃபயர்வயர் ஒயரில் அப்படியே இறக்கிக்கொள்ளலாம், தரம் துளியும் குறையாது.

ஒலி இந்தக் கார்டுக்குள் போவதே இல்லை. டெக்கின் சிவப்பு வெள்ளை ஒயரை சவுண்டு கார்டின் நீல ஓட்டையில், அதாவது லைன் இன்னில், தனியாகக் கொடுக்க வேண்டும். இங்கேதான் வம்பு. படத்துக்கு ஒரு கடிகாரம், ஒலிக்கு ஒரு கடிகாரம், இரண்டும் வேறு வேறு சிப்பில் ஓடுகின்றன. ஒரு மணி நேரம் ஓடிய பிறகு பார்த்தால் கெட்டிமேளம் அரை நொடி பிந்தி வருகிறது. முதல் கேசட்டில் ஐயர் மந்திரம் சொல்வது வேறு யாரோ டப்பிங் பேசுகிற மாதிரி இருந்தது. விர்ச்சுவல்டப் என்ற இலவச மென்பொருளில் பிடித்தால், ஒலிக்கு ஏற்றபடி படத்தைச் சரிசெய்ய அமைப்பு இருக்கிறது, அதைப் போட்ட பிறகு சரியானது. இருபது நிமிடத் துண்டுகளாக எடுத்து ஒட்டுவது இன்னும் நிம்மதி.

இடமும் வேண்டும். 720க்கு 576 அளவில், சுருக்காமல் பிடித்தால் நொடிக்கு 20 எம்பிக்கு மேல், ஒரு மணி நேரத்துக்கு 75 ஜிபி அளவு. ஹஃப்ஒய்யூவி என்ற சுருக்கும் மென்பொருளைப் போட்டால் தரம் இழக்காமல் சுருக்கும், எனக்கு ஒரு மணி நேர நாடா 30 ஜிபி சொச்சம் வந்தது. டிஸ்க் ஃபேட்32 என்ற பழைய முறையில் இருந்தால் ஒரு ஃபைல் 4 ஜிபியில் நின்றுவிடும், என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பிடித்து முடித்த பிறகு புது கம்ப்யூட்டருக்கு மாற்றி, அங்கே கோடுகளைச் சேர்த்து, சின்னதாகச் சுருக்கி எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம். கோடுகளைச் சேர்ப்பது என்றால், பழைய டிவி ஒரு படத்தை ஒற்றைக் கோடு, இரட்டைக் கோடு என்று இரண்டு பாதியாக அனுப்பும், அதை அப்படியே மானிட்டரில் போட்டால் கை அசைகிற இடமெல்லாம் சீப்புப் பல் மாதிரி தெரியும். யாதிஃப் என்ற வடிகட்டி போதும்.

கேசட் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் மலையில் கார்டைவிடப் பெரிய பிரச்சினை அதுதான். பூசணம் தெரிகிற கேசட்டை டெக்கில் போடவே கூடாது. நாடாவைப் படிக்கிற ஹெட் அடைத்துக்கொள்ளும், அடுத்து போடுகிற நல்ல கேசட்டுக்கும் பூசணம் ஒட்டும், நாடாவே அறுந்தாலும் அறுந்துவிடும். அந்த மூன்றையும் தனியாக, சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகளோடு ஒரு டப்பாவில் அடைத்து வைத்திருக்கிறேன், சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும். டெக்கும் அப்படித்தான். நான் டெக்கை நண்பர் வீட்டிலிருந்து ராத்திரி பனியில் வண்டியில் எடுத்துவந்து, அடுப்படி ஓரம் சூடாக இருக்கிறதே என்று அங்கே வைத்துப் போட்டேன். நாடா சுற்றிப் போகிற டிரம் குளிர்ந்திருந்ததால் அதில் ஈரம் கோர்த்து நாடா ஒட்டிக்கொண்டது. நல்லவேளை, போட்டது ஒரு பழைய வெறும் கேசட். ஒரு ராத்திரி முழுக்க அறையிலேயே விட்டுவிட்டு மறுநாள்தான் போட வேண்டும்.

கடையில் விற்ற சினிமா கேசட்டுகளில் சிலவற்றில் நகல் எடுக்க முடியாதபடி மேக்ரோவிஷன் போட்டிருப்பார்கள், படம் இருண்டு வெளுத்து இருண்டு வெளுத்து வரும், சில டிரைவர்கள் பிடிக்கவே மறுக்கும். வீட்டு கேசட்டில் அந்தத் தொல்லை இல்லை.

வெளியே அனுப்பும் பக்கத்தைச் சோதிக்காமல் விட்டால் விமர்சனம் ஆகாதே என்று பழைய பெட்டி டிவியில் மஞ்சள் ஒயரைச் செருகிப் பார்த்தேன். படம் வருகிறது, ஓரம் வெட்டுப்படுகிறது, எழுத்து நடுங்குகிறது. 2002இல் சினிமா பார்க்க இது பெரிய விஷயம். இன்றைக்கு ஒன்றுமில்லை.

இந்த வகைக் கார்டுகள் ஏன் போயின? ஏடிஐ 1996இலேயே ஆல்-இன்-வொண்டர் என்று டிவி டியூனரோடு, உள்ளே வெளியே எல்லாம் ஒரே கார்டில் விட்டது. 2006இல் ஏஎம்டி அந்தக் கம்பெனியை வாங்கியது, 2008இல் கடைசியாக ஒன்று வந்து அந்த வரிசை முடிந்தது. கேமராவும் டிவியும் டிஜிட்டல் ஆன பிறகு, வீடியோவை உள்ளே வாங்குவது கார்டின் வேலையாக இல்லாமல் தனிப் பெட்டியின் வேலையாகிவிட்டது. விளையாட வாங்குகிறவனிடம் அந்தச் சிப்புக்கும் சேர்த்துக் காசு வாங்குவானேன் என்று விட்டிருப்பார்கள் என்பது என் ஊகம்.

ஆனால் அதனால் வந்த குழப்பத்தைத் தீர்ப்பது என் கடையில் நடக்கிறது. போன கிறிஸ்துமஸுக்கு முன் ஒரு தேவாலயத்திலிருந்து அழைத்தார்கள். ஆராதனையை நேரலையாக விட வேண்டும், கேமரா நல்ல கேமரா, கம்ப்யூட்டரில் விலை கூடிய கிராபிக்ஸ் கார்டு. கேமராவின் எச்டிஎம்ஐயைக் கார்டின் எச்டிஎம்ஐயில் செருகிவிட்டு இரண்டு நாளாகப் படம் வரவில்லையாம். "கார்டு முப்பதாயிரம் ரூவாங்க, அதுல இது கூடவா இருக்காது?" என்று அந்த அண்ணன் கேட்டார். இருக்காதுண்ணா. எச்டிஎம்ஐ, டிஸ்பிளேபோர்ட், டிவிஐ, இன்றைய கார்டில் பின்னாலிருக்கிற எல்லாமே வெளியே போகிறவை. உள்ளே வாங்க எச்டிஎம்ஐ கேப்சர் குச்சி வேண்டும். ஆயிரத்துச் சொச்சத்தில் கிடைப்பதும் அவர்களுக்குப் போதும், டிரைவர் கேட்காது, வெப்கேம் மாதிரியே கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளும். ஆனால் அதன் பெட்டியில் 4கே என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். 4கே சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்றுதான் அர்த்தம், கம்ப்யூட்டருக்குள் அனுப்புவது பெரும்பாலும் 1080, நொடிக்கு 30 படம், அதுவும் நசுக்கித்தான். யுஎஸ்பி 2இன் வேகம் 480 எம்பிட், 1080ஐ நொடிக்கு 60 படமாக நசுக்காமல் அனுப்பக் கிட்டத்தட்ட 3 ஜிபிட் வேண்டும், எங்கே போவது. இன்னொன்று, கேமரா திரையில் தெரிகிற பேட்டரி படம், சதுரக் கட்டமெல்லாம் எச்டிஎம்ஐயிலும் சேர்ந்து வரும், கேமரா அமைப்பில் அதை நிறுத்த முடிகிறதா என்று முதலில் பாருங்கள்.

அந்தக் குச்சியில் டிஷ் பாக்ஸைச் செருகினால்? முதல் கேள்விக்கே திரும்பிவிட்டோம். பெரும்பாலும் கறுப்புத் திரைதான், நகல் எடுக்காமல் தடுக்கும் எச்டிசிபி என்ற பூட்டு. டிவி பார்க்க மட்டும் என்றால் மானிட்டரிலேயே எச்டிஎம்ஐ ஓட்டை இருக்கும், பாக்ஸை நேராக அதில் செருகிவிட்டு ஒரு ஸ்பீக்கரை வைத்துக்கொள்ளுங்கள், கம்ப்யூட்டரை எழுப்பவே வேண்டாம்.

வெளியே போகிற ஓட்டைகளிலும் வில்லங்கம் குறைவில்லை. டானிங்டன் பக்கம் ஹோம்ஸ்டே வைத்திருக்கும் ஒரு அக்கா, புது 4கே டிவியில் கம்ப்யூட்டரை மாட்டினால் மவுஸ் இழுத்து இழுத்துப் போகிறது என்றார். கார்டு பழைய எச்டிஎம்ஐ 1.4, 4கேயில் நொடிக்கு 30தான் தாங்கும், 60 வேண்டுமென்றால் 2013இல் வந்த 2.0 வேண்டும். 1080க்கு இறக்கிவிட்டேன், யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் விஜிஏ புரொஜெக்டர், புது கார்டில் டிவிஐ ஓட்டை, நடுவில் அறுபது ரூபாய் அடாப்டர், நுழையவே இல்லை. டிவிஐயில் இரண்டு வகை: தட்டைப் பின்னைச் சுற்றி நான்கு குட்டி ஓட்டைகள் இருந்தால் விஜிஏவுக்கு வேண்டிய அனலாக்கும் வரும், இல்லையென்றால் டிஜிட்டல் மட்டும். 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1080 வரிசையிலிருந்து என்விடியா அனலாக்கை விட்டுவிட்டது. சிப் வைத்த எச்டிஎம்ஐ-விஜிஏ மாற்றி வாங்கினால்தான் வேலை நடக்கும். டிஸ்பிளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்கு சாதா ஒயர் பெரும்பாலும் ஓடும், அதையே திருப்பி, எச்டிஎம்ஐ கார்டிலிருந்து டிஸ்பிளேபோர்ட் மானிட்டருக்குப் போட்டால் ஓடாது, அங்கேயும் ஒருவழிதான். கடைசியாக, கம்ப்யூட்டர் ஆன் ஆகுது படம் வரலை என்று தூக்கி வருவதற்கு முன், மானிட்டர் ஒயர் கார்டில் இருக்கிறதா, மேலே போர்டில் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இதற்காக அரவேணுவிலிருந்து ஆட்டோ வைத்து வந்தவர்கள் இருக்கிறார்கள்.

கார்டுக்கு மதிப்பெண்? எனக்கு ஐந்துக்கு நான்கு. ஒன்று விசிறிச் சத்தத்துக்கும் ஒலி வம்புக்கும் குறைத்தேன். உங்களுக்கு? பழைய ஏஜிபி பெட்டி, எக்ஸ்பி, ஓடுகிற டெக், அந்தக் கறுப்பு ஒயர், நான்கும் கையில் இருந்து, கேசட்டும் பத்துக்கு மேல் இருந்தால் வாங்கலாம். ஒன்று குறைந்தாலும் வேண்டாம். ஒன்றிரண்டு கேசட்தான் என்றால் நல்ல டெக் வைத்திருக்கும் ஸ்டுடியோவில் கொடுத்துவிடுவது மலிவு, எதில் பிடிக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கல்யாண கேசட் முழுக்க எடுத்து முடித்துவிட்டேன். தாலி கட்டுகிற இடம் உறையாமல் ஓடியது. அம்மா அதைவிட, பந்தியில் தாத்தா சாம்பார் வாளியோடு கேமராவைப் பார்த்து, "போய்யா, முதல்ல சாப்பிடு" என்று கேமராக்காரரை விரட்டுகிற இடத்தைத்தான் நான்கு தடவை ஓட்டச் சொன்னார். ஒலி சரியாகப் பொருந்தியிருந்தது. பூசணம் பிடித்த மூன்றை விட்டால் இன்னும் ஏழு கேசட் பாக்கி, அக்டோபர் மழைக்கு முன் முடித்தாக வேண்டும். சித்தப்பா தன் கல்யாண கேசட்டைக் கடைசியில் எடுத்தால் போதும் என்கிறார், சித்தி முதலில் எடு என்கிறார்.